புதன்கிழமைப் புகை

மூன்றாவது முறையும் புகை வெள்ளையாகத்தான் வந்தது.

கலீனா தூசி அளக்கும் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடுதிகளுக்குச் சூடேற்றும் பாய்லர் கட்டடத்துக்கு எதிரே பனியில் நின்றாள். நேற்று மாலை வரை இதே புகைபோக்கி கரியைக் கக்கிக்கொண்டிருந்தது. விடுதிப் பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. இன்று என்னவென்றால், பச்சைப்பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற அடுப்பு மாதிரி லேசாக ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

"வெள்ளைப் புகைன்னா ரோம்ல புதுப் போப்பைத் தேர்ந்தெடுத்துட்டாங்க போல," என்றான் க்வோஸ்தென், அண்ணாந்து பார்த்து. "நம்ம ஊருக்கு அவரால என்ன பிரயோசனம்னுதான் புரியல."

"சிரிக்காதடா. எரிச்சலா வருது."

"சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? கருவியைக் கட்டிப்பிடிச்சு அழவா?"

கருவியில் தெரிந்த எண்ணைப் பார்த்தால் ஆல்ப்ஸ் மலைக் காற்று தோற்றுவிடும். கலீனா பல்லைக் கடித்தாள்.

மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை மட்டுமே எரிக்கிறோம் என்று பல்கலைக்கழகம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் ஒரு குழு வந்து பார்த்து, 'பசுமை வளாகம்' என்று பித்தளைத் தகடு ஒன்றை வாசலில் அடித்துவிட்டுப் போகப்போகிறது. அடித்துவிட்டால் அப்புறம் ஐந்து வருஷத்துக்கு அந்தப் புகைபோக்கியை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க முடியாது. உள்ளே எரிவது பழுப்பு நிலக்கரித் தூளும் வார்னிஷ் அடித்த பழைய டெஸ்க்குகளும்தான் என்று மாணவர்களின் பசுமை வட்டத்துக்கு உறுதியாகத் தெரியும். போட்டோ எடுத்துக் காட்டினால், "அடுப்பு பத்தவைக்கிற நேரம் கொஞ்சம் அப்படித்தான்" என்று அதிகாரிகள் சிரித்தார்கள். நல்ல கருவி சொன்னால்தான் எடுபடும். அப்படிப்பட்ட கருவி நான்கு ஊர் மாணவர்களுக்குப் பொதுவாக ஒன்றே ஒன்று. முறை வைத்து பஸ்ஸில் வரும், பஸ்ஸில் போகும். இவர்கள் முறை வரும்போதெல்லாம் புகை வெளுத்துவிடும்.

"யாரோ முன்கூட்டியே சொல்றாங்க," என்றாள் கலீனா. "நாம என்னிக்கு வர்றோம்னு."

"யாரு? நாம இருக்கிறதே அஞ்சு பேரு."

"அஞ்சு பேருல ஒருத்தர்தான்."

சந்தேகத்துக்கு அந்த நாட்டில் பஞ்சமே கிடையாது. நாலு பேர் சேர்ந்து மரம் நட்டால்கூட, "உங்களுக்குப் பின்னாடி யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. கலீனா வேறு பிரோட் ஊர்க்காரி. கடைக்காரன் கொடுத்த சில்லறையை அவன் கண் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணுகிற ஊர். அவளுக்கு யாரைச் சந்தேகப்படுவது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

ரேல்யா. தலைநகரத்துப் பையன். படிப்பின் நடுவில் இங்கே மாற்றல் வாங்கி வந்தவன். தலைநகரத்தை விட்டு யாராவது இந்த ஸ்தாராலூகா ஊருக்கு வருவானா? வந்த வாரமே பசுமை வட்டத்தில் சேர்ந்தான். எல்லாருக்கும் அவனே காபி வாங்கித் தருவான். போன் வந்தால் எழுந்து தூரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான். புகைபோக்கியைத் தினமும் போட்டோ எடுப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, "அடுத்தது என்னிக்கு?" என்று அவன்தான் எப்போதும் கேட்பான். மடியில் கனம் இல்லாதவன் இத்தனை தடவை கேட்பானா?

கலீனா பொறி வைத்தாள்.

சாப்பாட்டுக்கூடத்து வாசலில் அவனைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "கருவி புதன்கிழமை வருது. மத்தவங்ககிட்ட வெள்ளின்னு சொல்லியிருக்கேன். உனக்கு மட்டும்தான் தெரியும். நம்பிச் சொல்றேன்."

ரேல்யாவின் முகம் மலர்ந்துபோனது. "யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"விடமாட்ட, விடமாட்ட," என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரம் கருவி எந்தக் கிழமையும் வரப்போவதில்லை. புதனன்று போய் நின்று புகையின் நிறத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு வழக்கம்போல அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். பிரோட்டிலிருந்து வாராவாரம் புதன்கிழமை பஸ்ஸில் அம்மா பொட்டலம் அனுப்புவாள். மிளகாய்த் துவையல் பாட்டில், ஆட்டுப்பால் சீஸ், தட்டையாக அழுத்திக் காயவைத்த சாசேஜ். டிரைவர் மிலோயெ இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்து கலீனா கையில் கொடுப்பான். அந்த நாட்டில் பாதிப் பிள்ளைகள் பட்டம் வாங்குவது இப்படி பஸ் டிரைவர்கள் புண்ணியத்தில்தான்.

"இந்தப் புதன் வேணாம்மா. வியாழன் போடு. புதன் எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை? அந்தப் புகைக்குழாய்கிட்டயா?"

"அதேதான்."

"மறுபடியுமா? உன் நெஞ்சு என்ன நெஞ்சுன்னு மறந்துபோச்சா? சின்னதுல இளைப்பு வந்து ராத்திரியெல்லாம் உன்னைத் தோள்ல போட்டுட்டு நடந்தவ நான்."

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா."

"போகும், வரும். சாசேஜ் ரெண்டு போடவா, மூணா?"

"மூணு," என்றாள் கலீனா. பேச்சு அத்தோடு மறந்தும்போனது. அம்மாவிடம் பேசுவதெல்லாம் ஒருவரிடம் சொல்வதாகக் கணக்கில் சேருமா என்ன?

புதன் வந்தது. கலீனா ஆடிட்டோரியச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். காலையில் கறுப்பு. மெல்ல மெல்லச் சாம்பல் நிறம். பிறகு வெள்ளை. அவளுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தன் கணக்கு சரியாக வந்துவிட்டதென்றால் மனுஷ ஜென்மத்துக்கு வருகிற அற்ப சந்தோஷம் அது.

அன்று மத்தியானமே சாப்பாட்டுக்கூடத்தில், பீன்ஸ் குழம்புத் தட்டுகளுக்கு நடுவில், எல்லார் முன்னாலும் உடைத்தாள்.

"புதன்கிழமைன்னு ஒரே ஒரு ஆளுகிட்டதான் சொன்னேன். ஒருத்தன்கிட்ட மட்டும். இன்னிக்குப் புகை வெள்ளை. ரேல்யா, நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ரேல்யா கையில் எடுத்த ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "எதைச் சொல்லணும்?"

"எவ்வளவு கொடுக்கறாங்க? இல்ல, மார்க்கு போடறாங்களா?"

"யாரு?"

"நடிக்காதடா," என்றான் க்வோஸ்தென். இவ்வளவு நாள் ரேல்யா வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்தவன்தான். "காபிக்காரன்னு நெனச்சோம், காட்டிக்கொடுக்கிறவனா இருக்க."

மேசையில் மற்ற இருவரும் தலையைக் குனிந்து குழம்பைக் கலக்கினார்கள். ரேல்யா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கடைசியில் கலீனாவிடம் வந்து நின்றான்.

"என்னைக் கூப்பிட்டு, 'நீதானா'ன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமே," என்றான். "பொறி வைக்கிறது எலிக்குத்தான்."

கம்பளிக் குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்து போனான். சத்தம் போட்டிருந்தால் கலீனாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றைக்குக் குறுகுறுத்தது என்னவோ இவள் நெஞ்சுதான்.

அந்த வாரக் கடைசியில் புனித திரிஃபூன் திருநாள். கலீனாவின் ஞானத்தாய் ஸ்லாவோய்காவின் குடும்பத்துக்கு அவர்தான் குலப் புனிதர். அந்த வீட்டுக்கு அன்று யாரையும் அழைப்பதில்லை, யாரும் வராமலும் இருப்பதில்லை. ஞானமகள் போகாவிட்டால் கேட்கவே வேண்டாம், பிரோட் வரைக்கும் புகார் போகும்.

ஸ்லாவோய்கா பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்த்தாள். விடுதிகளுக்குச் சூடேற்றுகிற பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கலீனாவின் அம்மாவும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காதவர்கள். கலீனாவுக்கு விடுதியில் ஆற்றைப் பார்த்த அறை கிடைத்ததும் ஸ்லாவோய்காவால்தான். பாய்லரைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுக்க கலீனா பலமுறை நினைத்ததுண்டு. உறவுக்குள் இதெல்லாம் எதற்கு என்று அம்மா தடுத்துவிட்டாள்.

வாசலில் சிலுவையிட்டு, சர்க்கரை போட்ட கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, கலீனா நேரே சமையலறைக்குப் போனாள். ஸ்லாவோய்கா பன்றிக்கறியை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒயின் இரண்டு கிண்ணம் உள்ளே போயிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

"வாடி என் தங்கம். உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, புதன்கிழமைக்கு நல்லதாப் போடுன்னா நான் எங்க போவேன்? அந்த மூட்டையெல்லாம் குழு வர்றப்ப எரிக்கிறதுக்குன்னு வாங்கி வெச்சது. பாதி காலி ஆயிடுச்சு."

"எந்த மூட்டை?"

"மரவில்லை மூட்டைதான். தெரியாதவ மாதிரி கேக்கறியே!" ஸ்லாவோய்கா கத்தியோடு திரும்பிச் சிரித்தாள். "நீ அந்தக் கருவியைத் தூக்கிட்டு நிக்கிற அன்னிக்கெல்லாம் உங்கம்மா ஒரே அழுகை. 'எம்பொண்ணு நெஞ்சு தாங்காது ஸ்லாவோய்கா, அன்னிக்கு ஒருநாள் மட்டும் நல்லதாப் போடு'ன்னு. சரி, ஞானமகளாச்சேன்னு நானும் போடறேன்."

"அப்ப... மத்த நாள்ல?"

"மத்த நாள்ல மேலிடத்துல என்ன வாங்கிக் கொடுக்கறாங்களோ அது. கரித்தூளு, பழைய டெஸ்க்கு. என்னைக் கேட்டா வாங்கறாங்க? இந்தா, கொழுப்பில்லாத துண்டா எடுத்துக்க."

"நாங்க நிக்கிறோம்னு ஆபீஸ்ல யாருக்காவது தெரியுமா?"

"அவனுங்களுக்கு எதுடி தெரியும்? அவனுங்க ரூம்ல தனி ஹீட்டர்."

காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனும் இல்லை. காட்டிக்கொடுத்தது மூன்று சாசேஜும் ஒரு தாய்ப்பாசமும்தான். பொட்டலம் புதனா வியாழனா என்று இவள் சொல்லச் சொல்ல, நாள் பிரோட்டுக்குப் போய்த் திரும்பி பாய்லர் அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கலீனா ஊரெல்லாம் திருடனைத் தேடினாள். கதவைத் திறந்து வைத்தவள் அவளே. ரேல்யாவின் முகம் ஞாபகம் வந்ததும் கையிலிருந்த கறித்துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தலாம். கத்தினால் அம்மா அழுவாள், அழுதபடி ஸ்லாவோய்காவைக் கூப்பிடுவாள், அப்புறம் கருவி வருகிற நாளெல்லாம் வெள்ளைப் புகைதான். ஒரே ஒரு கறுப்பு நாள் வேண்டும். அதற்கு அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும்.

குழு வருமுன் கருவியின் கடைசி முறை அடுத்த புதன்கிழமை. ஞாயிறன்று அம்மா கேட்கும் முன்பே கலீனா சொன்னாள்: "புதன்கிழமையே போடும்மா. எனக்கு ஒரு வேலையும் இல்ல. பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்."

"புகைக்குழாய்?"

"அதையெல்லாம் விட்டாச்சு."

"அப்பாடா," என்றாள் அம்மா. அந்த அப்பாடாவில் இருந்த நிம்மதி கலீனாவைச் சுட்டது.

இனி ஒரு சிக்கல்தான். பொட்டலத்தை வாங்க ஆள் வராவிட்டால், மிலோயெ அங்கிருந்தபடியே அம்மாவுக்குப் போன் போடுவான். கருவி ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால்தான் அளவு செல்லும், அதை விட்டு நகர முடியாது. க்வோஸ்தெனை ஸ்டாண்டுக்கு அனுப்பலாம். அனுப்பினால் பாதி சாசேஜ் வராது என்பது ஒரு பக்கம். கேட்க வேண்டிய ஆள் அவனில்லை என்று கலீனாவுக்கே தெரிந்திருந்தது.

ரேல்யாவை நூலகத்துப் படியில் பிடித்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இது வரைக்கும் யாருக்கும் சொல்லல. உனக்கு மட்டும்தான் தெரியும்," என்று முடித்தாள்.

"போன தடவையும் இதேதான் சொன்ன."

கலீனாவுக்கு முகம் சிவந்தது. "இந்தத் தடவை நிஜம்."

"எனக்கு எப்படித் தெரியும்? இதுவும் ஏதாவது பொறியா இருக்கலாம். ஸ்டாண்டுக்குப் போனா அங்க க்வோஸ்தென் கேமராவோட நிப்பான்." அவன் எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். "சந்தேகம் உன் ஒருத்தி சொத்தா? எனக்கும் வரும்."

"நான் என்ன பண்ணணும்?"

"அதே மேசை. அதே மூணு பேரு. எனக்கு முன்னாடி வேணாம், நான் இருக்கமாட்டேன். ஆனா சொல்லு."

சொன்னாள். அதே பீன்ஸ் குழம்புதான் அன்றும். தன் வாயால் தன்னைக் காட்டிக்கொடுப்பது எப்படி இருக்குமென்று அன்று தெரிந்துகொண்டாள். க்வோஸ்தென் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப அந்தக் காபியெல்லாம் நல்ல காபிதானா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

ரேல்யாவிடமிருந்து பதில் வரவில்லை. புதன்கிழமை காலையில் மட்டும் ஒரு செய்தி: "பஸ் எத்தனை மணிக்கு?"

போவானா, போகமாட்டானா? கேட்டுவிட்டு ஸ்லாவோய்காவிடம் போய்ச் சொல்லிவிட்டால்? புத்தி அப்போதும் அப்படித்தான் ஓடியது. பழகின கால் பழைய வழியில்தானே போகும். கலீனா தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு கருவியை இயக்கினாள்.

புகைபோக்கி கறுப்பாகக் கக்கியது. காற்று இவள் பக்கம் திரும்பி, புகை தாழ்ந்து வந்து மூஞ்சியில் அடித்தது. எண் ஏறிற்று, ஏறிக்கொண்டே போயிற்று. பழைய டெஸ்க்கின் வார்னிஷ் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கால்வாசி நேரம் ஓடியிருக்கும், போன் அடித்தது. அம்மா.

"யாருடி அந்தப் பையன்?"

"எந்தப் பையன்?"

"மிலோயெ போன் பண்ணான். நெட்டையா ஒருத்தன் வந்து பொட்டலத்தை வாங்கிட்டுப் போனானாம். யாருடான்னு கேட்டா, 'கலீனா என்னை நம்பி அனுப்பிச்சா'ன்னானாம். என்ன நம்பிக்கை அது? எனக்குத் தெரியாம எப்ப முளைச்சுது?"

அவன் போயிருக்கிறான். கலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்ததும் இருமல் வந்தது. நிற்கவில்லை. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூச்சின் அடியில் அந்தப் பழைய விசில் சத்தம்.

மறுமுனையில் அம்மாவின் காதில் அது விழுந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் அவள்.

"நீ எங்க நிக்கிற?"

நூலகம், சாப்பாட்டுக்கூடம் என்று இரண்டு பொய் தயாராக இருந்தது. "புகைபோக்கிகிட்ட," என்றாள் கலீனா.

"கறுப்பா வருதா?"

"கறுப்பாத்தான்."

"ஸ்லாவோய்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"நான் உனக்காகத்தாண்டி..."

"தெரியும்மா. நான் கருவியோட நிக்கிற அன்னிக்கு நல்ல புகை. மத்த நாளெல்லாம் நான் எங்க தூங்கறேன்? இதே குழாய்க்குக் கீழதானே ஜன்னல் வெச்சுப் படுத்திருக்கேன்?"

அம்மாவுக்கு அது தோன்றியதே இல்லை. ஆற்றைப் பார்த்த அறை என்றுதான் அவள் பிரோட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். கலீனா "அம்மா" என்றாள். போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

இனி அம்மா என்ன செய்வாள் என்று கலீனாவுக்குத் தெரியும். இரண்டே நிமிஷம் அழுவாள், பிறகு ஸ்லாவோய்காவைக் கூப்பிடுவாள். மூட்டை பிரிந்து உள்ளே விழும். நிறம் மாற அரைமணி நேரமே போதும். கருவி முடிய அதற்கு மேலேயே இருந்தது.

ரேல்யா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான். அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து பூண்டு போட்ட சாசேஜ் வாசனை புகையையும் மீறி வந்தது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு," என்றாள் கலீனா.

"சொல்லிடுவாங்களா?"

"ஸ்லாவோய்காகிட்ட அம்மா இதுவரைக்கும் எதையும் மறைச்சதே இல்ல."

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். கறுப்புக்குள் ஒரு சாம்பல் இழை தெரிந்தது போலிருந்தது. காற்று மாறியதும் அது மறைந்தது. மறுபடி தெரிந்தது. மேகம்தானா? கண் எரிந்து நீர் வழிந்தது. அரைமணி நேரம் கழிந்தது, அதற்கு மேலும் கழிந்தது. பாய்லர் அறைக் கதவு திறக்கவேயில்லை.

கருவி ஒரு சின்ன ஒலி எழுப்பி நின்றது. அளவு முடிந்தது. கலீனாவின் போனில் ஒரு செய்தி வந்து கிடந்தது, அம்மாவிடமிருந்து: "பெட்டியில் சாசேஜுக்கு மேலே கம்பளிச் சால்வை இருக்கு. மூக்கில் கட்டிக்க."

கலீனா பெட்டியைப் பிரித்துச் சால்வையை எடுத்தாள். கட்டிக்கொள்ளவில்லை, முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். புகை கடைசிவரை கறுப்பாகவே வந்துகொண்டிருந்தது.